தழும்புகளை மறைக்காதீர்கள்



சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தின் ஓர் இரவு. ஓசூரில் மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றாம் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் நெடுஞ்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கட்டளை ஜெபத்தை முடித்து விளக்கை அணைக்கப் போனேன். கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். பணியிலிருந்து ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே அவருக்கு எஞ்சியிருந்தன. ஞாயிறு தவறாமல் இரண்டாம் பூசைக்கு வந்து, தூணருகே நின்று, யாரிடமும் அதிகம் பேசாமல் வீடு திரும்புகிறவர். "இந்த நேரத்தில் வந்ததற்கு மன்னிக்க வேண்டும் சாமி" என்றார். உள்ளே அழைத்து, துண்டு ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அவர் சொன்னதைத்தான் இம்மாதம் உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. நாற்காலியில் எதிரெதிரே அமர்ந்து கேட்டது. "எழுதுங்கள் சாமி, நாலு குடும்பத்துக்குப் பயன்படட்டும்" என்று அவரே இசைவளித்த பின்னர், இன்னார் எனத் தெரியாதபடி எழுதுகிறேன்.

தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில் பயின்று, வேலை தேடி ஓசூருக்கு வந்தவர் அவர். சில ஆண்டுகள் பிறரிடம் உழைத்தபின், தொண்ணூறுகளின் இறுதியில், சொந்தமாகத் தொழில் தொடங்க ஆசை கொண்டார். மனைவியின் நகைகளை அடகு வைத்தார். ஊரிலிருந்த பூர்வீக நிலத்தை விற்றார். பழைய லேத் இரண்டு வாங்கி, வாடகைக் கொட்டகையில் போட்டு, ஒரே ஒரு தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க்கை ஏற்றார். எழுத்தில் ஆர்டர் இல்லை. வாய்ச்சொல்லே போதுமென்று நம்பினார். ஓராண்டு நன்றாக நடந்தது. ஒரு நாள் அங்கிருந்த அதிகாரி மாறினார், வேலை நின்றது, செய்து கொடுத்த சரக்குக்கும் பணம் வரவில்லை. ஆறு மாதத்தில் லேத்துகள் கடனுக்குப் போயின. நகைகள் ஏலத்தில் போயின. மீண்டும் தொழிலாளியாக வேலைக்குச் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டுகளில் கடனை அடைத்தார்.

அவருடைய மகனுக்கு அப்போது வயது இரண்டு. "அவனுக்கு இது தெரியவே கூடாது என்று நானும் என் வீட்டுக்காரியும் முடிவு செய்தோம் சாமி. அப்பா தோற்றவன் என்று பிள்ளை நினைக்கக் கூடாதல்லவா? நிலம் எங்கே என்று கேட்டான். பங்காளிகளிடம் போய்விட்டது என்றேன். அம்மா கழுத்தில் ஏன் நகை இல்லை என்று கேட்டான். ஆடம்பரம் பிடிக்காது என்றாள் அவள்."

மகன் டிப்ளமா படித்தான், வேலைக்குப் போனான், கைத்திறன் மிக்கவன். மூன்றாண்டுகளுக்கு முன் வேலையை விட்டு, வங்கிக் கடனில் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை வாங்கினான். தந்தை கட்டிய வீட்டின் பத்திரமே பிணையாயிற்று. ஒரே ஒரு வாடிக்கையாளர். பாதிக்கு மேல் வாய்ச்சொல் ஆர்டர். தந்தை பத்திரத்தில் கையெழுத்திட்டபோதும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? இருபதாண்டு மௌனத்தை ஒரே நாளில் உடைக்க அவருக்குத் துணிவில்லை. அந்த மழை இரவுக்கு முந்திய வாரம் மகனுடைய தொழில் நின்றுபோயிற்று. வீட்டுக்கு வங்கியின் நோட்டீசு வந்தது.

"நான் விழுந்த அதே குழியில் என் மகன் விழுந்துவிட்டான் சாமி. அங்கே குழி இருக்கிறது என்று அவனுக்கு நான் சொல்லவில்லை" என்று சொல்லி அழுதார். அன்றிரவு அவருக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் மொழி ஏதுமில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். சேர்ந்து ஒரு பத்து மணி ஜெபமாலை சொன்னோம். அவர் போனபின் நெடுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

அன்பர்களே, நம் வீடுகளில் எத்தனை தந்தையர் இப்படி இருக்கிறார்கள்! நம் வெற்றிகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறோம். மகனின் மதிப்பெண், மகளின் திருமணம், இருபத்தைந்தாண்டுப் பணிக்காகக் கம்பெனி கொடுத்த கேடயம் ஆகியவை எல்லாம் முன்னறையில் இருக்கின்றன. நம் தோல்விகளையோ பரணில் போட்டுப் பூட்டிவிடுகிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு நாளை எது அதிகம் பயன்படும்? கேடயத்தைப் பார்த்து யாரும் எதையும் கற்றதில்லை. பரணில் கிடக்கும் அந்த மூட்டைக்குள்தான் அவர்களுக்கு வேண்டிய பாடங்கள் இருக்கின்றன.

"பட்டால்தான் தெரியும்" என்று நம் மக்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆயினும் ஒரு வீட்டில் ஒருவர் பட்டது போதாதா? தந்தை பட்டதையே மகனும் பட்டு, பேரனும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், குடும்பம் என்ற ஒன்றை இறைவன் எதற்காக ஏற்படுத்தினார்?

நாம் வாழும் இந்த ஓசூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் சிலர் அங்கே வேலை செய்தவர்கள்; என்னைவிட நன்கு அறிவீர்கள். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984-இல் தொடங்கியது டைட்டன் நிறுவனம். 1987-இல் அதன் கைக்கடிகாரங்கள் கடைக்கு வந்து பெரும் வெற்றி பெற்றன. அக்காலத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி அரிதாயிருந்தது. நகை செய்து வெளிநாட்டுக்கு விற்றால், கடிகாரத்துக்குத் தேவையான பொருள்களை இறக்குமதி செய்யச் செலாவணி கிடைக்கும் என்று அதன் தலைவர் செர்க்சிஸ் தேசாயும் உடனிருந்தோரும் கருதினர். ஓசூரில் நகைத் தொழிற்சாலை எழுந்தது. ஆனால் 1991-க்குப் பின் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறியது. செலாவணித் தட்டுப்பாடு தளர்ந்தது. எந்தக் காரணத்துக்காக நகைத் தொழில் தொடங்கப்பட்டதோ, அந்தக் காரணமே மெலிந்து போயிற்று. சரி, நம் நாட்டிலேயே விற்போம் என்று 'தனிஷ்க்' என்னும் பெயரில் கடை திறந்தார்கள். முதற் கடை 1996-இல் சென்னையில்.

அங்கேதான் அடி விழுந்தது. அவர்கள் செய்தவை 18 காரட் நகைகள், மேல்நாட்டுப் பாணி, கல் பதித்தவை. 18 காரட் என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கே பொன். நம் தாய்மாருக்கோ நகை என்பது அழகு மட்டுமன்று; அதுவே சேமிப்பு, அதுவே ஆபத்துக்கு உதவும் கைம்முதல். அவர்கள் கேட்டது 22 காரட். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு பொன். கடைக்கு வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு நட்டம். இத்தொழிலை மூடிவிடுவதே மேல் என்று பேசப்பட்ட காலமும் உண்டு.

அப்போது அவர்கள், "மக்களுக்கு நயம் தெரியவில்லை" என்று மக்களைப் பழித்துக் கொண்டிருக்கவில்லை. தாங்கள் பிழைபட்டதை ஒப்புக்கொண்டு 22 காரட்டுக்குத் திரும்பினார்கள். அத்துடன் நில்லாமல், நகையை உருக்காமலே எக்ஸ் கதிர்களைக் கொண்டு மாற்றுக் காணும் கருவியைக் கடைகளில் வைத்தார்கள். வந்தவர்கள் தங்கள் வளையலையும் சங்கிலியையும் அதில் வைத்துப் பார்த்தபோது, 22 காரட் என்று நம்பி வாங்கிய பல நகைகள் அதற்குக் குறைந்த மாற்றாயிருக்கக் கண்டு திடுக்கிட்டார்கள். 19 காரட்டுக்குக் குறையாத பழைய நகையைக் கொண்டுவந்தால், கூலி மட்டும் வாங்கிக்கொண்டு 22 காரட் நகையாக மாற்றித் தருவதாகவும் அறிவித்தார்கள். அதன்பின் நிலைமை மாறியது. ஒரு காலத்தில் மூடிவிடலாமா என்று கருதப்பட்ட அந்த நகைத் தொழிலே இன்று அந்நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதியைத் தருகிறது.

ஒரு கம்பெனிக்கு விளம்பரம் எழுதுவது என் வேலையன்று. நகை வாங்கத் தூண்டுவது அதனினும் என் வேலையன்று. திருமணத்துக்காகக் கடன்பட்டு நகை வாங்கும் வழக்கத்தைக் கண்டித்து இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் சுட்ட விரும்புவது ஒன்றே. தோல்வி வந்தபோது அவர்கள், "நாம் எங்கே தவறினோம்?" என்று கேட்டார்கள். கேட்டதை மூடி மறைக்கவில்லை. இன்றும் அத்தோல்வியை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். வணிகம் பயிலும் மாணவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். பொருளீட்டும் ஒரு நிறுவனம் தன் தோல்வியைப் பாடமாக்கி அடுத்தவர்க்குக் கொடுக்கக் கூடுமானால், அன்பினால் கட்டப்பட்ட ஒரு குடும்பத்தால் கூடாதா?

இன்னொரு காட்சி. கிருஷ்ணகிரிக்கு அருகே தென்பெண்ணையின் குறுக்கே உள்ள அணையை நீங்கள் அறிவீர்கள். 1957-இல் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் திறக்கப்பட்டது. அறுபதாண்டுகள் உழவர்களுக்கு நீர் தந்தது. 2017 நவம்பர் 29 அன்று, அணை ஏறத்தாழ நிரம்பி நின்ற வேளையில், முதல் மதகின் கீழ்ப்பகுதி உடைந்தது. ஆற்றோரத்து மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. உழவர்கள் நம்பியிருந்த நீர் வீணாக ஆற்றில் ஓடியதைக் கரையில் நின்று பார்த்த நம் மக்களின் முகங்களை நான் மறக்கவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்? உடைந்த மதகை மட்டும் மாற்றிவிட்டு, "மற்ற ஏழும் நன்றாகத்தானே இருக்கின்றன" என்று விட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எல்லாம் ஒரே வயதுடையவை. ஒரே நீரில் நின்றவை. ஒன்றைத் தின்ற துரு மற்றவற்றையும் தின்றுகொண்டிருக்கும் என்று உணர்ந்து, எஞ்சிய மதகுகளையும் பின்னர் புதிதாக மாற்றினார்கள்.

ஒரு குடும்பமும் அந்த அணை போன்றதே. தந்தையிடம் ஒரு மதகு உடைந்ததென்றால், அதே வீட்டில் வளர்ந்த மகனிடமும் அதே இடத்தில் துரு இருக்கக் கூடும். தந்தைக்குக் கையெழுத்தைவிட வாய்ச்சொல்லில் நம்பிக்கை, மகனுக்கும் அதுவே. தாய்க்குப் பிறர் முன் "முடியாது" என்று சொல்லத் தெரியாது, மகளுக்கும் தெரியாது. பாட்டனைக் குடி கெடுத்தது. பேரனுடைய கண்ணிலும் அந்த நாட்டம் தெரிகிறது. நம்மிடம் உடைந்தது எது என்று சொன்னாலன்றோ, அவர்கள் தங்களிடம் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள்!

இனி நம் விசுவாசத்தின் ஒளியில் இதைப் பார்ப்போம்.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீடரிடம் வந்தபோது அவர் திருவுடல் மகிமை பெற்றிருந்தது. பூட்டிய கதவுகள் அவரைத் தடுக்கவில்லை. ஆயினும் ஆணிகள் துளைத்த தழும்புகளும், ஈட்டி பாய்ந்த விலாவின் காயமும் அவ்வுடலில் இருந்தன. சாவை வென்றவருக்கு அவற்றை மறைக்க இயலாதா? இயலும். ஆனால் அவர் தோமையாரை அழைத்து, அத்தழும்புகளையே காட்டினார். தொட்டுப் பார்க்கவும் சொன்னார். ஐயுற்றவரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தவை அந்தத் தழும்புகளே. நம் ஆண்டவரே தம் காயங்களைப் பிறருக்குக் காட்ட வெட்கப்படவில்லையென்றால், நாம் மட்டும் எதற்காக முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறோம்?

அடுத்து இராயப்பரைப் பாருங்கள். தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர்காயும் நெருப்பருகே, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி, ஆண்டவரை அறியேன் என்று சபித்தும் ஆணையிட்டும் மறுதலித்தவர். திருச்சபையின் முதல் தலைவருடைய வாழ்வில் இதைவிடப் பெரிய மானக்கேடு உண்டா? ஆயினும் இந்நிகழ்ச்சியை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. மாற்கு எழுதிய நற்செய்தி மிக நுணுக்கமாகச் சொல்கிறது. மாற்கு இராயப்பரின் உடனிருந்து, அவர் போதித்ததைக் கேட்டு எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டின் பாப்பியாஸ் ஆயர் காலத்திலிருந்தே நமக்கு வந்துள்ள மரபு. அப்படியானால், தம் தலைவரின் வீழ்ச்சியை உரோமைக் கிறிஸ்தவர்கள் யாரிடமிருந்து கேட்டிருப்பார்கள்? இராயப்பர் தாமே சொல்லியிருக்க வேண்டும். வேதகலாபனைக்கு அஞ்சி நடுங்கிய அந்த மக்களிடம், "நானும் ஒரு நாள் அஞ்சினேன், விழுந்தேன், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எழுந்தேன்" என்று சொல்வதைவிட வலிமையான மறையுரை வேறென்ன இருக்க முடியும்?

ஆண்டவரும் அவருக்கு அதைத்தான் கட்டளையாகக் கொடுத்திருந்தார். பாடுபடுவதற்கு முந்திய இரவில், இராயப்பர் விழப்போவதை முன்னறிந்தே, அவர் மனந்திரும்பியபின் தம் சகோதரரை உறுதிப்படுத்த வேண்டும் என்று பணித்தார். லூக்காஸ் நற்செய்தியின் 22-ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் எடுத்து வாசியுங்கள். விழாமலிருக்க வேண்டும் என்று மட்டும் ஆண்டவர் சொல்லவில்லை. எழுந்தபின் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். எழுந்து நின்றால் மட்டும் பணி முடிந்துவிடாது. சகோதரரை உறுதிப்படுத்தினால்தான் முடியும்.

அந்த மாற்குவும் ஒருமுறை தோற்றவரே. சின்னப்பரோடும் பர்னபாவோடும் முதற் பயணம் புறப்பட்டவர், பாதிவழியில் பெர்கே நகரில் அவர்களை விட்டு ஊர் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்தில் அவரை அழைத்துச் செல்லச் சின்னப்பர் கண்டிப்பாக மறுத்தார். பர்னபாவோ மாற்குவைக் கைவிடவில்லை; தம்மோடு சைப்பிரஸ் தீவுக்கு அழைத்துப் போனார். காலம் சென்றது. தம் இறுதி நாட்களில், சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை உடன் அழைத்து வரும்படியும், தம் ஊழியத்துக்கு அவர் பயனுள்ளவர் என்றும் அதே சின்னப்பர் எழுதுகிறார். விழுந்தவர் இருவர், இராயப்பரும் மாற்குவும். ஒருவர் சொல்ல, மற்றவர் எழுத, நமக்கு ஒரு நற்செய்தி கிடைத்தது. இறைவனின் கணக்கே வேறு, அன்பர்களே!

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் கதையைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன காலத்தில், ஒரு சிறிய பங்கில் சமூகக் கூடம் கட்டத் தொடங்கினேன். கையில் பாதிப் பணம், மீதிக்கு வாக்குறுதிகள். பெரியவர் சிலர் தயங்கினார்கள். அவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். சுவர்கள் எழும்பின, வாக்குறுதிகள் வரவில்லை. கூரையில்லாத அந்தச் சுவர்கள் நான்காண்டுகள் மழையில் நனைந்துகொண்டு நின்றன. கோபுரம் கட்டத் தொடங்குமுன் செலவைக் கணக்கிடாதவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை அந்த ஊரில் மறையுரையாக எடுக்கும் ஞாயிறு வந்தபோது, என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாற்றலாகிப் போகுமுன் ஓய்வுபெற்ற மூத்த குரு ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அந்தச் சுவர்களைச் சுற்றிவந்து, "நானும் இப்படி ஒரு பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்டவன்தான்" என்று சொல்லிச் சிரித்தார். எப்படி மீண்டார், யாரிடம் மன்னிப்புக் கேட்டார், அதன்பின் கணக்கு நோட்டை எப்படி எழுதினார் என்பதையெல்லாம் மாலை வரை சொன்னார். எனக்கு உயிர் வந்தது. "இதை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டேன். "நீங்கள் யாரும் கேட்கவில்லையே!" என்றார். அன்றுமுதல் இரண்டு பழக்கங்களை மேற்கொண்டேன். பெரியவர்களிடம் அவர்கள் தோற்ற கதையைக் கேட்பது ஒன்று. இளங்குருக்கள் யாரேனும் வந்தால், கேளாமலே அந்தக் கூரையில்லாத கூடத்தைப் பற்றிச் சொல்வது மற்றொன்று.

சரி, எப்படிச் சொல்வது? என் சிற்றறிவுக்கு எட்டிய சில யோசனைகள்.

முதலாவது, பிள்ளை விழுமுன் சொல்லுங்கள். விழுந்தபின் சொன்னால் அது பாடமாகாது, குத்திக்காட்டுதலாகும். இரவு உணவு வேளையில், பேருந்துப் பயணத்தில், கல்லறைத் திருநாளில் முன்னோர் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கும்போது, இயல்பாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிறர் செய்த கேட்டை மட்டும் சொல்லாமல் உங்கள் பிழையையும் சொல்லுங்கள். "அவன் ஏமாற்றினான்" என்பதிலிருந்து பிள்ளை வெறுப்பைக் கற்கும். "நான் எழுதி வாங்காமல் விட்டேன்" என்பதிலிருந்துதான் அறிவைக் கற்கும்.

மூன்றாவது, நுணுக்கங்களையும் சொல்லுங்கள். "ஜாக்கிரதையாக இரு" என்பது எதற்கும் உதவாத புத்திமதி. ஜாப் ஒர்க் எடுக்கும் பிள்ளைக்கு, ஒரே வாடிக்கையாளரை நம்பாதே, ஆர்டரை எழுத்தில் வாங்கு, சரக்கு ஒப்படைத்த சீட்டில் கையெழுத்தும் தேதியும் வாங்கிப் பத்திரப்படுத்து என்று சொல்லுங்கள். குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தோருக்கு, சரக்கை ஏற்றுக்கொண்டவர் 45 நாளுக்கு மிகாமல் பணம் தரவேண்டுமென 2006-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கூறுகிறது. தவறினால் வட்டியுடன் கேட்கலாம், மாநில அரசு அமைத்துள்ள குழுவிடம் முறையிடலாம். இப்படி ஒரு வழி உண்டென்று நம் பெரியவரின் மகனுக்கு அவன் தொழில் நின்றபின்தான் தெரிந்தது.

நான்காவது, தடை போடாதீர்கள். "நான் தோற்றேன், ஆகையால் நீ தொடங்கவே கூடாது" என்பது பாடமன்று. அது நம் அச்சத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது. வழியில் குழி எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். நடக்க வேண்டியவன் அவனே.

ஐந்தாவது, யார் உங்களைத் தூக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்ல மறவாதீர்கள். 1979 ஆகஸ்டு 10 அன்று, அப்துல் கலாம் திட்ட இயக்குநராயிருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர் முன் சென்று பொறுப்பை ஏற்றவர் கலாம் அல்லர். அவருடைய தலைவரான சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வென்றபோதோ, செய்தியாளரிடம் பேசக் கலாமையே அனுப்பினார் தவான். குடியரசுத் தலைவராக உயர்ந்த பின்னும் கலாம் இதனை இளைஞர் கூட்டங்களில் சொல்லிவந்தார். தம் தோல்வியையும், அத்தோல்வியில் தம்மைத் தாங்கியவரையும் அவர் ஒருசேர நினைவுகூர்ந்தார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவரிடையே உரையாற்றிக் கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. கற்றதைக் கடைசி நாள் வரை கையளித்துச் சென்றவர் அவர்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அப்பா தம் தோல்வியைச் சொல்லும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். அவர் தம் மானத்தை எடுத்து உங்கள் கையில் வைக்கிறார். ஒரு நாளும் சண்டையில் அதை எடுத்து அவர்மீது எறியாதீர்கள். எறிந்தீர்களானால், அந்த வாய் மறுபடி திறவாது.

அந்தப் பெரியவரின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இன்னும் முடியவில்லை. மறுநாளே தந்தையும் மகனும் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசினார்களாம். மகன் முதலில் கோபப்பட்டான்: "ஏன் சொல்லவில்லை?" என்று. இரண்டு நாள் முகங்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள், "லேத் எந்த வருஷத்து மாடல்?" என்று அவனே வந்து கேட்டானாம். அதிலிருந்து பேச்சு தொடங்கியது. இயந்திரத்தை விற்றார்கள். வங்கியில் பேசித் தவணையை மாற்றிக்கொண்டார்கள். வீடு இன்னும் பிணையில்தான் இருக்கிறது. மகன் இப்போது இரவு ஷிப்டில் வேலை செய்கிறான். கடன் தீரச் சில ஆண்டுகளாகும். கையிலிருப்பதை வைத்துக் கணக்கிட்டு மறுபடி தொடங்குவேன் என்கிறான். இம்முறை தந்தை கணக்கு நோட்டோடு பக்கத்தில் இருப்பார்.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்தபின், நம் பங்கு இளைஞரிடம் பேசும்படி அவரைக் கேட்டேன். தூணருகே நிற்பவர், முதன்முதலாக முன்னே வந்தார். கையில் தாள் இல்லை. குரல் நடுங்கியது. பத்து நிமிடம் பேசியிருப்பார். வாய்ச்சொல் ஆர்டரை நம்பியதையும், ஏலத்தில் போன சங்கிலியையும், மகனிடம் சொல்லாமல் இருந்ததையும் ஒளிவின்றிச் சொன்னார். கூட்டத்தின் பின்வரிசையில் அவர் மகன் நின்றுகொண்டிருந்தான். அவர் முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. கைதட்டும் இடமன்று அது. ஆனால் நான்கு பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, சீட்டில் யார் கையெழுத்து வாங்க வேண்டும், பதிவு எங்கே செய்ய வேண்டும் என்று கேள்வி கேட்டுக்கொண்டே வாசல் வரை போனார்கள். அவர்களில் ஒருவனாவது அந்தக் குழியைத் தாண்டிப் போவான் என்று நம்புகிறேன்.

அன்புக்குரிய தாய் தந்தையரே, இம்மாதம் ஓர் இரவு, குடும்ப ஜெபமாலை முடிந்தபின், விளக்கை உடனே அணைத்துவிடாதீர்கள். சற்று உட்காருங்கள். இதுவரை பிள்ளைகளிடம் சொல்லாத ஒரு தோல்வியைச் சொல்லுங்கள். தம் தழும்புகளைக் காட்டச் சீடரிடையே வந்து நின்ற ஆண்டவர் அந்த வேளையில் உங்கள் வீட்டிலும் வந்து நிற்பாராக. அவருடைய சமாதானம் உங்களோடு இருப்பதாக.